ஆலிவ் வைத்திருந்த இடம்

டிரம்காலன், டைரோன்
9 நவம்பர் 1999

அன்பு மகன் ஃபெர்கலுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உங்கப்பாவும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பெர்த்தில் நீயும் ஜென்னியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க தினமும் ஜெபமாலையில் உங்கள் பேருக்கென்று பத்து மணிகளை ஒதுக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கப்பாவுக்கு மழை வந்தால் மூட்டுவலி கூடும், இங்கே என்றைக்கு மழை இல்லை என்று நீயே யோசித்துக்கொள். நீ அனுப்பிய போட்டோ வந்தது, ஆளே கறுத்துப்போய் அடையாளம் தெரியவில்லை, வெயிலில் போகும்போது தலையில் எதையாவது போட்டுக்கொண்டு போ, நம் குடும்பத்துத் தோல் அந்த ஊர் வெயிலுக்குச் செய்தது இல்லை. அடுப்பங்கரைக் கூரை மறுபடி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன், உங்கப்பா நாளைக்குப் பார்க்கிறேன் என்று ஆகஸ்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் காகிதத்தை எடுத்தேன்.

பக்கத்துப் பண்ணை ஹெர்பி குரோசியர் போய்விட்டார் என்று செப்டம்பரிலேயே சொன்னேன், நீ 'ஓ, அப்படியா' என்றாய், அதற்கு மேல் நானும் பேசவில்லை. உங்கப்பா பக்கத்திலேயே பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நாம் பேசி முடிக்கிறவரை அந்தப் பேப்பரில் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. இப்போது மேல்வயலில் வேலி பார்க்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். உனக்கு ஹெர்பி என்றால் அந்த பிரிட்டிஷ் பகுதிநேரப் பட்டாளத்து யூனிஃபார்ம்தான் கண்ணில் நிற்கும், எனக்குத் தெரியும். நம்ம ரோட்டுல துப்பாக்கியோட நின்னு நம்மளையே நிறுத்துறவன் மாட்டை எங்கப்பன் போய்க் கறக்குறாரு, இந்த ஊர்ல ரோஷம்னு ஒண்ணு இருக்கா என்று நீ சாப்பாட்டு மேஜையில் கத்திவிட்டு, உருளைக்கிழங்கைத் தொடாமல் எழுந்து போன நாள் எனக்கு மறக்கவில்லை, உங்கப்பாவுக்கும் மறந்திருக்காது. அதற்காக உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முழுக்கப் படி, நடுவில் மடித்து வைத்துவிடாதே.

அவர்கள் இரண்டு பேரும் எப்படி இருந்தார்கள் என்று நீ பார்த்ததுதான். ஹெர்பிக்கு நாம் பிரிட்டனை விட்டு ஒரு அங்குலம் நகரக்கூடாது, உங்கப்பாவுக்கு அயர்லாந்து ஒன்றாகாமல் கண்ணை மூட மனசில்லை. தேர்தல் வந்தால் ஒரே காரில் போய், ஒருவர் ஓட்டை ஒருவர் அழித்துவிட்டு, ஒரே காரில் திரும்பி வருவார்கள். ஏண்டா ஃபீலிக்ஸ், ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்திருந்தாலும் இதே ரிசல்ட்டுதான, பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும் என்பார் ஹெர்பி. அப்ப நீ வீட்லயே இரு, நான் மட்டும் போயிட்டு வரேன், பெட்ரோல் என் செலவு என்பார் உங்கப்பா. ஜூலை பன்னிரண்டாம் தேதி ஹெர்பி அவர்கள் புராட்டஸ்டண்ட் ஆரஞ்சு சங்கத்துப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் ஊர்வலம் போனால், அன்றைக்கு இரண்டு வேளையும் அவர் மாடுகளைக் கறப்பது உங்கப்பா. நம் ஆட்கள் கொடியைக் கட்டிக்கொண்டு ஐரிஷ் கால்பந்து இறுதி ஆட்டத்துக்குக் கிளம்பினால், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நம் தொழுவத்துக்கு வருவது ஹெர்பி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று பூட்ஸுக்குப் பாலிஷ்கூடப் போடாத மனிதர், மாட்டு மடிக்குக் கிழமை தெரியாது என்று அதற்கு மட்டும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். நம் டீம் ஒரு புள்ளியில் தோற்றுத் திரும்பிய ராத்திரி கேட்டருகில் காத்திருந்து, உன் நொண்டிச் சிவப்பிகூட இன்னைக்கு உங்க ஆளுங்களவிட நல்லா உதைச்சா என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

பிறகு அந்த சோதனைச்சாவடி. நீயும் காரில் இருந்தாய். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சின்ன அதிகாரி பின்னால் நிற்க, ஹெர்பி டார்ச்சை உள்ளே அடித்து, பேர் என்ன, எங்கேருந்து வரீங்க, எங்க போறீங்க என்று யாரோ போலக் கேட்டார். காலையில உன் மாட்டுக்குக் கன்னு இழுத்துப் போட்டேனே, அந்த ஃபீலிக்ஸ் கோர்ம்லிதான், கை கழுவின தண்ணி இன்னும் உன் முற்றத்துல காஞ்சிருக்காது என்றார் உங்கப்பா. ஹெர்பி மறுபடி, பேர் என்ன என்றார். அதோடு பேச்சு நின்றது, இரண்டு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது, வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஊமைகள் மாதிரி நின்று வேலை செய்தார்கள். ஆனாலும் பன்னிரண்டாம் தேதி வந்தால் இவர் வாயைத் திறக்காமல் போய்க் கறந்துவிட்டு வந்தார், இறுதி ஆட்டம் வந்தால் அவர் வந்து கறந்துவிட்டுப் போனார். அந்தக் கூத்தைப் பார்த்துத்தான் நீ கத்தினாய்.

நோரீன் போனபோதுதான் அது முடிந்தது. உன் அக்காவைப் பற்றி எழுதும்போது இன்றைக்கும் எனக்குப் பேனா ஓடாது, சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்ஃபாஸ்டுக்குப் படிக்கப் போன பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்து நான் பஸ் பிடித்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. பிப்ரவரி மாதம், அடக்கப் பூசை நடக்கும்போது ஆலங்கட்டி மழை கோயில் கூரையில் கொட்டுகிறது, சாமியார் சொல்வது காதில் விழவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்த தலையோடு வந்தாய், நீ பார்த்திருக்க மாட்டாய். கோயில் கேட்டுக்கு வெளியே ஹெர்பி நின்றுகொண்டிருந்தார். ஆரஞ்சு சங்கத்துக்காரர்கள் நம் பூசைக்குள் நுழையக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டுப்பாடு, அதனால் வெளியே. குடை இல்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், காது இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது, பூசை முடிகிறவரை அப்படியே நின்றிருக்கிறார். கல்லறையில் மண் தள்ள அவரும் ஒரு மண்வெட்டியை எடுத்தார். முடிந்ததும் உங்கப்பா நேராக அவரிடம் போய்க் கையைப் பிடித்தார், மறுநாள் காலையில் வேலியோரம் பழையபடி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கப்பா வாழ்க்கையில் ஒரு மனிதனுக்கு மரியாதை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்டதாக என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். உள்ள வந்தவங்க எல்லாரும் மழைக்கு ஒதுங்கினவங்கதான், நனைஞ்சவன் அவன் ஒருத்தன்தான் என்பார்.

இதை மனசில் வைத்துக்கொண்டு செப்டம்பருக்கு வா. ஹெர்பி மாரடைப்பில் போனார். செய்தி வந்த நிமிஷமே உங்கப்பா கறவைக்குப் போய்விட்டார், யாரும் கூப்பிடவும் இல்லை, இவர் கேட்கவும் இல்லை. அடக்கம் ஆகும்வரை அவர்கள் தொழுவமும் நம் தொழுவமுமாக ஓடினார். போகும்போதும் வரும்போதும் முற்றத்தில் ஹெர்பியின் மனைவி ஆலிவைப் பார்ப்பார், அந்த மூலையில் நிற்கிற மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது, டாக்டரைக் கூப்பிடலாமா என்பார், அவள் கூப்பிடலாம் என்பாள், அவ்வளவுதான் பேச்சு. நாம் இந்த ஊர்க்காரர்கள், மாட்டு மடியைப் பற்றிப் பேசுவோம், மனசில் இருப்பதைக் கேட்க வாய் வராது. அடக்கத்தன்று நான் கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு, உள்ளே போய் உட்காரலாம், இப்போது நம் சாமியாரே அவர்கள் சர்ச்சுக்குப் போகிறார் என்றேன். சின்ன வயசில் அந்த வாசல்படியை மிதித்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்று வளர்த்த பிள்ளைகள் நாங்கள், எனக்கே கால் கூசத்தான் செய்தது. உங்கப்பா கண்ணாடி முன்னால் டையைக் கட்டிக்கொண்டே, நீ போ, அவன் என் புள்ளைக்கு வெளிய நின்னான், நானும் அவனுக்கு வெளிய நிக்கிறேன், அவன் எனக்குப் பண்ணின மரியாதையில ஒரு குண்டுமணி குறையக் கூடாது என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது, ஃபெர்கல். அழகான காரியம் என்றுகூட நினைத்தேன்.

நான் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் ஆலிவ், பக்கத்தில் அவள் மகள் ஹேசல், அதற்குப் பக்கத்தில் ஒரு இடம் காலி, அந்த இடத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் விரித்து வைத்திருந்தது. சர்ச் நிறைந்து ஓரத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஆலிவ் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். யாரோ சொந்தக்காரர் ஸ்காட்லாந்திலிருந்து வர வேண்டும் போல, கப்பல் தாமதம் போல என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து போதகர் எழுந்து, ஹெர்பர்ட் குரோசியர் தன் பெட்டியை யார் தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார், முன்பக்கம் வலது தோளுக்கு அவருடைய அண்டைவீட்டுக்காரர், நண்பர், ஃபீலிக்ஸ் கோர்ம்லி வரட்டும் என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பி வாசலைப் பார்த்தது. போதகர் இன்னொரு தடவை பேரைச் சொன்னார். என் முன்னால் இருந்த ஆள் பக்கத்து ஆளிடம், அவங்க ஆளுங்க வருவாங்கன்னு நம்பினானே ஹெர்பி, அவன் புத்தி அவ்வளவுதான் என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எனக்கு அப்போதுதான் அந்தக் காலி இடம் யாருக்கென்று உறைத்தது.

எழுந்து ஓடினேன், முழங்கால்களை இடித்துக்கொண்டு, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டு. வெளியே கேட்டில் பார்த்தால் உங்கப்பா இல்லை. ஆரஞ்சு சங்கத்து ஆட்கள் பெட்டிக்கு முன்னால் நடக்கப் பட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே வரிசை கட்டியிருந்தார்கள், அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று இவர் சவ வண்டிக்கும் பின்னால், மதில் முக்கில் போய் நின்றிருக்கிறார். நான் அவரைக் கண்டுபிடித்துக் கோட்டுக் கையைப் பிடிப்பதற்கும் பெட்டி வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. வலது தோளில் ஹெர்பியின் தம்பி மகன் டிரெவர் இருந்தான். உங்கப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டுவலியை மறந்து நிமிர்ந்து நின்றார். அந்த முகத்தில் இருந்த நிறைவு இருக்கிறதே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன், செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்துவிட்ட மனிதனின் முகம். ஆலிவ் பெட்டிக்குப் பின்னால் வந்தாள், அவரைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்லறையில் இவர் மண்வெட்டிக்குக் கை நீட்டியபோது டிரெவர், பரவால்ல, எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க என்றான். சாயங்காலம் கறவைக்குப் போனால் தொழுவ வாசலில் ஆலிவே நின்றுகொண்டு, வேணாம் ஃபீலிக்ஸ், டிரெவர் இருக்கான், இத்தனை வருஷம் நீங்க பட்ட சிரமம் போதும் என்று கதவைச் சாத்திவிட்டாள்.

உள்ளே பேரைச் சொல்லிக் கூப்பிட்டதை, அவர் அந்தத் தொழுவத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன், அதற்கு முன்னால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை. ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தார், இன்னொன்றைக் கழற்றவே இல்லை. அவன் நின்ன மாதிரிதான நான் நின்னேன், அவன் நின்ன மாதிரிதான என்று இரண்டு தடவை சொன்னார். போய் ஆலிவிடம் விளக்கிச் சொல்லுங்கள் என்றேன், செத்த வீட்டில் போய் நியாயம் பேசச் சொல்கிறாயா என்று என் மேல் பாய்ந்தார். அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் நம் கறவை முடிந்ததும் வேலியோரம் போய் நின்று அந்தப் பக்கத்துக் கறவை மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். டிரெவர் அவசரக்காரன், மடியைச் சரியாக ஒட்டக் கறக்காமல் எடுத்துவிடுகிறான், சத்தத்திலேயே தெரிகிறது என்பார். அவர் மெலிந்துபோனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு ஆப்பிள் கேக்கைச் செய்து எடுத்துக்கொண்டு நானே ஆலிவிடம் போனேன். கேக்கை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள், ஆலிவ், மழைல நிக்க வச்சே அனுப்பப் போறியா என்றேன், அப்புறம்தான் வழிவிட்டாள். உங்கப்பா ஏன் வெளியே நின்றார் என்று சொன்னேன். நோரீனுக்கு ஹெர்பி நின்ற மாதிரி இவர் நின்றார், அதைவிடப் பெரிய மரியாதை அவருக்குத் தெரியாது என்றேன். ஆலிவ் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே என்னைப் பார்த்தாள். மரியாதையா, டிம்ப்னா, அவரு வாழ்நாள் பூரா வெட்கப்பட்டதே அந்த ஒரு விஷயத்துக்குத்தான் என்றாள். நோரீன் அடக்கத்தன்னைக்கு வீட்டுக்கு வந்து நனைஞ்ச கோட்டைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தாரு, என் டிராக்டர்ல உக்காந்து வளந்த புள்ள உள்ள கிடக்கு, பத்தடி நடந்து உள்ள போக எனக்குத் துப்பில்ல, நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு கேட்ல நின்னுட்டு வந்தேன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு, அதுக்கப்புறம் அந்தப் பட்டையைப் போடும்போதெல்லாம் அவருக்கு அந்த ஞாபகம்தான் என்றாள். என் சாவுக்கு ஃபீலிக்ஸை வெளிய நிக்க விட்டுடாத, உங்க பக்கத்துல இடம் வை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீ ஏன் அதை ஃபீலிக்ஸிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேக்காத, கேட்டா அவனுக்குத் தர்மசங்கடம், கேக்காமலே வருவான்னாரு என்றாள். பிறகு இரண்டு பேரும் அந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதோம், கேக்கை வெட்டவே இல்லை.

எத்தனை வருஷம் பார், ஃபெர்கல். ஒருவர் அவமானம் என்று நினைத்துப் புழுங்கினதை இன்னொருவர் பெருமை என்று பூஜித்துக்கொண்டிருந்திருக்கிறார், நடுவில் ஒரு வேலி, தினமும் அந்த வேலியில் சாய்ந்துகொண்டு ராணியைப் பற்றியும் டப்ளினைப் பற்றியும் தொண்டை வறளச் சண்டை. நீ ஏண்டா உள்ள வரல என்று இவர் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், வந்திருக்கணும்டா என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். இந்த நாட்டைப் பிடித்த பீடையில் பாதி குண்டும் துப்பாக்கியும் என்றால் மீதிப் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, நான் படிக்காதவள், தப்பாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு வேலிப் பக்கம் போய்விட்டார். போன வியாழக்கிழமை ஆலிவ் மாடுகளை விற்றுவிட்டாள், லாரி நம் வாசல் வழியாகத்தான் போனது, அந்த மூலையில் நிற்கிற மாடு கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசைக்குப் போய் வந்தோம், வந்ததும் டையைக் கழற்றுவார் என்று பார்த்தால் இன்னும் இறுக்கிக் கட்டினார். நானும் வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். மீதியை ஆலிவ் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் சர்ச்சில் ஆராதனை தொடங்கி முதல் பாட்டு நடக்கிறது, கதவைத் திறந்துகொண்டு இவர் நடுவழியில் நேராக நடந்து முன்வரிசைக்கு வந்திருக்கிறார், பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டார்கள், போதகருக்கு வரி தவறிப்போயிற்று. ஆலிவ் பக்கத்தில் ஹெர்பி இல்லாத இடம் இருந்தது, அதில் உட்கார்ந்தார். ஆலிவ் திரும்பிப் பார்க்கவில்லை, பாட்டுப் புத்தகத்தை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். வெளியே வந்ததும், லேட்டா வந்தீங்க ஃபீலிக்ஸ் என்றாளாம். ஆமா, தூக்க ஒண்ணும் இல்லாதப்ப வந்திருக்கேன் என்றாராம். பிறகு இரண்டு பேரும் போய் அந்த மண்மேட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் எப்படி இருந்தது என்றேன், பாட்டு ரொம்ப நீளம் என்றார்.

இப்போது உனக்குச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் ஹாலில் போய் நின்று, ஃபெர்கல் நம்பர் எந்தச் சீட்டுல இருக்கு என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் உன் நம்பரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எடுத்துக் கொடுத்தேன், போனைத் தூக்கினார், அங்க இப்ப தூங்கியிருப்பாங்க என்று வைத்துவிட்டார். நேற்றும் அப்படியே தூக்கிவிட்டு வைத்தார். நீ அவரோடு பேசாமல் இருப்பது, அன்றைக்குக் கத்தினதற்குப் பிறகு அவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்றுதான் என்று நான் நினைக்கிறேன். அவர் உன்னோடு பேசாமல் இருப்பதும், பிள்ளை வேண்டாம் என்று தள்ளி இருக்கும்போது வலியப் போய் நிற்கக் கூடாது என்றுதான். இரண்டு பேரும் எனக்குத் தெரிந்து நல்ல மனசோடுதான் வெளியே நிற்கிறீர்கள். ஹெர்பியும் நல்ல மனசோடுதான் நின்றார்.

இது கையில் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாய் அல்லவா, அவர்தான் எடுப்பார், அவரையே எடுக்கச் சொல்லப் போகிறேன். வழக்கம்போல அம்மாவைக் கூப்பிடுங்க என்று உடனே சொல்லிவிடாதே. மாட்டைப் பற்றிக் கேள், வேலியைப் பற்றிக் கேள், கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது என்று கேட்டுத் திட்டு. பேச்சு நின்றுபோனால் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இரு, அவர் இருப்பார். நான் வாளியை ஊற்றக் கொல்லைப்பக்கம் போயிருப்பேன், என்னைத் தேட வேண்டாம்.

வேலியிலிருந்து வருகிறார், பூட்ஸ் சத்தம் கேட்கிறது. மாதா உன்னையும் ஜென்னியையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் வீட்டில் அடுப்பும் பேச்சும் அணையாமல் இருக்கட்டும். தொப்பியை மறக்காதே.

உன் பேரைச் சொல்லாமல் ஒரு நாளும் தூங்கப் போகாத,
அம்மா